வீச்சு

வார்சாவிலிருந்து வந்த மடலின் சுருக்கம்:
ஒரு டிராகன், ஒரு கோட்டை, பனி.
இருபத்தோராம் தேதிக்குள்.
சீட்டு விளையாட்டுக்காம். அச்சில்
என் உள்ளங்கையில் பாதி.

நான் பனி பார்த்ததில்லை.
காரைக்குடி மீன் மார்க்கெட்டில்
விடியுமுன் தெர்மாகோல் பெட்டிகளைத் திறப்பார்கள்.
ஜெகதாப்பட்டினத்து நண்டுக்கு மேல்
நொறுக்கிய ஐஸ், ஓரத்தில் நீலம்,
அடியில் லேசாக ரத்தம்.
என் வடதிசை மலைகளெல்லாம் அந்த நிறம்தான்.
நாறுகிறதென்று இதுவரை யாரும் எழுதியதில்லை.

யாரிடம் கற்றீர்கள் என்று கேட்கிறார்கள்.
ஒரு பெரிய பெயருக்காகப் பேனாவைத் திறந்தும் வைக்கிறார்கள்.
பெயர் தெரியாத ஒரு கொத்தனார் என்பேன்.
கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீட்டு முகப்பில்
கஜலட்சுமிக்கு இடப்பக்கம்
ஒரு வெள்ளைக்காரத் தேவதையைச் செய்திருக்கிறார்.
கொக்கைப் பார்த்திருப்பார், துரையைப் பார்த்திருப்பார்,
இரண்டும் சேர்ந்த ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்.
இறக்கையை முழங்கையில் ஒட்டிவிட்டார்.
பறந்தால் குப்புற விழும்.
முகத்தில் மட்டும் அதைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை.
பதினாறு வயதில் சைக்கிளை நிறுத்தி வரைந்தேன்.
பிறகு எலும்பு படித்தேன், தசை படித்தேன்,
எந்த மூட்டு எப்பக்கம் மடங்கும் என்று படித்தேன்.
அந்த முகம் மட்டும் இன்னும் வரவில்லை.

அப்புறம், முனீஸ்வரன் கோயில் தெருவில்
வயிரவன் கடையிலிருக்கும் ரங்கூன் அரக்குப் பெட்டி.
மூடியில் சுருண்ட பறவைநாகம், மூன்று நகம் உதிர்ந்தது.
எட்டாயிரம் சொல்கிறார். வாங்க மாட்டேன் என்று தெரியும்.
"பாக்குறதுக்கே காசு வாங்கணும் ஆச்சி"
என்றபடி ஃபேனை என் பக்கம் திருப்புவார்.

இந்த டிராகனுக்குக் கண் புதுவயல் சந்தையில் கிடைத்தது:
வெள்ளாட்டின் கண், குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.
தோல் பாதி பலாக்காய், பாதி உடும்பு,
மிச்சம் பொய்.
இறக்கைதான் வரவில்லை.
மூன்று நாள். வௌவால், குடைத்துணி, ஈர வேட்டி.
சுரண்டி எடுத்த சாயம் தரையெல்லாம்.

பதினெட்டாம் தேதி இரவு பத்தரைக்கு
கல்லுக்கட்டியில் பார்சல் வாங்க நின்றேன்.
நைனா முகமது மாவை எடுத்து வீசினார்.
டியூப்லைட்டுக்கு முன்னால் அது ஒரு கணம் நின்றது.
ஓரம் தடித்து, நடுவில் வெளிச்சம் கசிந்து,
விரல் பட்ட இடமெல்லாம் நரம்பு ஓடி.
"இன்னொன்னு" என்றேன்.
"எத்தனை ஆச்சி, சொல்லுங்க."
"சாப்பிட இல்லை."
பதினொன்று வீசினார். எனக்குப் பின்னால் நின்ற லாரிக்காரர்
பொதுவாக யாரையோ திட்டினார்.
பதினொன்றுக்கும் காசு கொடுத்தேன்;
இரண்டு நாளைக்கு அதுதான் சாப்பாடு.

வரைந்ததை போனில் காட்டினேன்.
கையைத் துடைத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.
கோட்டையைக் கேட்கவில்லை. நெருப்பைக் கேட்கவில்லை.
"இந்த எடத்துல கிழிஞ்சிரும்."
"எங்கே?"
"இங்க. இவ்வளவு இழுத்தா நடுவுல தொய்யணும்.
மாவு ஊறாதவன் வீசுன மாதிரி இருக்கு."
வீட்டுக்கு வந்து தொய்யவிட்டேன்.
அந்த மிருகத்துக்கு
அப்போதுதான் எடை என்று ஒன்று வந்தது.

வார்சா எழுதியது: அற்புதம், டியர் டெய்வானாய்.
ஒரே ஒரு சின்ன விஷயம்.
இடப்பக்கம் எழுத்துப் பெட்டி வருகிறது,
இறக்கையை வெட்டிக்கொள்கிறோம்.
பில் அனுப்பினேன்.

ஐந்து மாதம் கழித்து அச்சான சீட்டு வந்தது.
நைனா முகமது அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.
"நம்ம மாவு எங்க?"
"வெட்டிட்டாங்க."
"வெட்டுனா அது கொத்து, ஆச்சி.
அதுக்கு வெல வேற. கேட்டு வாங்குங்க."
கல்லாவுக்கு மேல், மின்கட்டண அட்டைக்குப் பக்கத்தில்
சொருகிக்கொண்டார்.

இன்று காலை அடுத்த மடல்.
ஒரு தேவதை, நிலா, பாழடைந்த பாலம்.
இறக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று
எதுவும் குறிப்பிடவில்லை.