தாழ்ப்பாள்

எங்கள் ஃபின்னிஷ் பேச்சில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
கப்பலுக்குத்தான் வித்தியாசம் தெரிந்திருந்தது.
கோட்காவில் பலகை ஏற்றிப் புறப்பட்டோம்.
மூன்றாம் அதிகாரி கெர்த்து சலோவாரா
அறைக்கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூங்கினாள்;
தாழ்ப்பாள் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரவு பதினொன்று. சுக்கானில் நான்.
பனிப்பாளம் விலாவை அரம்போல் ராவியது.
"இடப்புறம் ஐந்து."
கேப்டனை எழுப்பட்டுமா என்றேன்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"இடப்புறம் ஐந்து."

திருப்பினேன்.
வலப்பக்கம்
எச்சில் துப்பினால் படும் தூரத்தில்
விளக்கணைந்த மிதவை ஒன்று
வழுக்கிப் போனது.

குறிப்பேட்டில் எழுதினாள்:
காற்று வடகிழக்கு. பனி அடர்த்தி.
வேறொன்றுமில்லை.

லூபெக்கில் இறங்கி
ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து நீட்டினேன்.
"திருப்புளி?" என்றாள்.
கொடுத்தேன்.
நான்கு ஆணியையும்
அவளே முடுக்கினாள்.