புள்ளியின் அளவு

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீடொன்றை
இருபத்தோரு நாள் வாடகைக்குப் பிடித்து
இரண்டாம் கட்டைச் செவ்வாய் என்றோம்.
முகப்புப் பட்டாலை பூமி.
நடுவில் கல் பாவிய முற்றம்.
முப்பத்திரண்டு எட்டு வைத்தால் போய்விடலாம்.
மென்பொருள் அதைப் பதினொரு நிமிடமாக நீட்டியது.

உள்ளே போனவள் சிகப்பி.
காரைக்குடிக் கல்லூரியில் கருவியியல் நடத்துகிறாள்.
பெண் பார்க்க வந்தவரிடம்
"மூணு வாரம் செவ்வாய்ல இருப்பேன்,
வந்து பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு
பெட்டியோடு வந்து நின்றாள்.

கையுறை மூன்று அடுக்கு.
முதல் நாளே தெரிந்துபோனது:
மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி
அந்த விரலுக்கு எட்டாது.
'ஆக்சிஜன் சரி' என்று அடிக்கப்போய்
'ஆகசிஜன சரி' என்று வந்தது.
திரையில் புள்ளி விசையைப் பெரிதாக்கி அனுப்பினோம்.
பன்னிரண்டு மில்லிமீட்டர், பதினைந்து.
பத்தொன்பதில்தான் விரல் பிசகவில்லை.

ஆறாம் நாள் பேச்சு குறைந்தது.
பதிவில் எண்கள் மட்டும் வந்தன.
அழுத்தம். வெப்பம். தூக்கம் நாலரை மணி.
என்னவென்று கேட்டோம்.
இருபத்திரண்டு நிமிடம் கழித்துப் பதில்:
"இந்த முட்டைச் சுண்ணாம்புச் சுவர்லயாவது
என் முகம் மங்கலாத் தெரியுது.
உங்க திரையில வட்டம்தான் சுத்துது."

அன்று ராத்திரி இருதயராஜ் நாற்பது வரி நிரல் எழுதினான்.
அவள் நிறுத்துமிடம் பார்த்து,
மூச்சின் இடைவெளி அளந்து,
அவள் பக்கத்திலேயே இருக்கும் இயந்திரம்
உடனே சொல்லும்: "ம்".
அவ்வளவுதான். ஆலோசனை கிடையாது.
கதை கேட்பவர் கொட்டுகிற அதே உம்.
கட்டுரைக்காக இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடி
எனக்கு அரை நாள் போனது.

ஏழாம் நாள் பதினாலு நிமிடம் பேசினாள்.
எட்டாம் நாள் ஐம்பத்திரண்டு.
காற்று வடிகட்டியில் தொடங்கிய பேச்சு
பெண் பார்க்க வந்தவரின் கைக்கடிகாரம்
ஐந்து நிமிடம் முந்தி ஓடியதில் போய் நின்றது.
வரைபடத்தில் கோடு ஏற ஏற
நான் உட்கார்ந்த இடத்தில் கைதட்டினேன்.

பதினோராம் நாள் பதிவில் கேட்டாள்:
"இந்த ம் யாரோடது?"
இயந்திரம் சொன்னது:
"ம்".

நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
'ஏமாற்றுதல்' என்று எழுதி அடித்தேன்.
'பாவனை' என்று எழுதினேன்.
அதையும் அடிக்கையில்
மழை.

ஓட்டில் இறங்கி முற்றத்துக் கல்லில் தெறித்தது.
ஒரே கூரை. அவளுக்கும் கேட்டிருக்கும்.
செவ்வாயில் மழை பெய்தால் என்ன செய்வது என்று
எங்கள் கையேட்டில் ஒரு வரியும் இல்லை.
பதினொரு நிமிடம் கழித்து என் திரையில்:
"மழை பெய்யுது.
நீங்க படிக்கும்போது நின்னிருக்கும்."

நின்றிருந்தது.
தகரக் குழாயில் மிச்சத் தண்ணீர்
சொட்டிக்கொண்டிருந்தது.

முப்பத்திரண்டு எட்டு.
போய்க் கதவைத் தட்டியிருக்கலாம்,
மூன்று மாதச் சோதனையைக் குப்பையில் போட்டுவிட்டு.
போகவில்லை.
இருதயராஜின் நிரலை நிறுத்தினேன்.
அவளுக்குச் செய்த அதே விசைப்பலகையில்
ம தட்டி,
பத்தொன்பது மில்லிமீட்டர் புள்ளியையும் தட்டி
அனுப்பினேன்.

அது போய்ச் சேரும்வரை
அவள் பேசிய இடத்திலெல்லாம் ஒன்றும் கேட்டிருக்காது.
நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்து மூன்றாவது நிமிடம் வந்தது:
"இது லேட்டா வருது.
அப்ப ஆள்தான்."

'முடிவுகள்' என்ற தலைப்பின் கீழ்
அந்த வரியை இரண்டு தடவை வைத்து
இரண்டு தடவையும் எடுத்துவிட்டேன்.
அறிக்கையில் இப்போது
புள்ளியின் அளவு மட்டும் இருக்கிறது.