வெள்ளைக் கட்டு

மிரண்டவன் கண்ணுக்கு
இருண்டதெல்லாம் பேய்.
ஐஸ்லாந்தின் ஜூலையில் இருட்டே கிடையாது;
என் மோரிக்கு
வெளுத்ததெல்லாம் பேய்.

அறுத்த புல்லைச் சுருட்டி
வெள்ளை பிளாஸ்டிக்கில் பொதிந்து
வயலெங்கும் விட்டுவைத்திருக்கிறார்கள்.
குளிர்காலம் முழுக்க
அதன் வயிற்றைத்தான் தின்றான்.
தோலைக் கண்டால் ஆகாது.

நாற்பது அடிக்கு முன்பே
காது இரண்டும் ஈட்டி. கழுத்து மரம்.
மூக்கிலிருந்து ஒரு சீறல்.
பிறகு, அவன் இருந்த இடத்தில்
நான் மட்டும், காற்றில்.

போன வருஷம் அப்படித்தான்
காறை எலும்பு போனது.

"ரெண்டு போடு, ஸ்டெய்னுன்,
தானாகப் போவான்" என்றார் குத்பிரான்துர்.
போட்டேன்.
போனான்.
மறுநாள் கட்டுக்கும் பயந்தான்
சாட்டைக்கும் பயந்தான்.

இடக்கண்ணுக்குப் பழக்கினால்
வலக்கண் புதிதாய்ப் பார்க்கிறது.
போகும்போது சும்மா கிடந்தது
வரும்போது பனிக்கரடி.

ஒரு செவ்வாய்க்கிழமை,
கட்டு இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம்,
அவனுக்குத் தெரியவே தெரியாது,
என் தொடை இறுகுவதைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.
கடிவாள வார் ஒரு விரற்கடை குறுகியிருந்தது.
மூச்சு எங்கோ நின்றுபோயிருந்தது.

என்ன அங்கே? என்று
அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், என்னை.
ஆமாம், ஏதோ இருக்கிறது என்று
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்
நான், வருஷம் பூராவும்.

இறங்கினேன்.
கயிற்றைத் தொங்க விட்டு
அவன் நின்ற இடத்திலேயே நின்றேன்.
ஓர் எட்டு வைத்தால், திரும்பி இரண்டு எட்டு.
ஓடலாமா என்று அவனுக்குத் தோன்றும் முன்
நானே அழைத்துப் போய்விடுவேன்.
மூன்று நாள் இதே வேலை.
குத்பிரான்துர் டிராக்டரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள்
கட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து
ரொட்டி தின்றேன்.
தலைக்கு மேல் பிளாஸ்டிக் கிழிசல் படபடத்தது.
அவனைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதுதான்
எல்லாவற்றிலும் கடினம்.

ரொட்டி பாதியில்
அவன் தலை தாழ்ந்தது.
வெறும் வாயை மென்றான்.
வெதுவெதுப்பாக ஒரு மூச்சு
என் பழைய எலும்பின் மேல் பட்டது;
அப்புறம் என்னைத் தாண்டி
பிளாஸ்டிக்கின் மேல்.

இப்போது கடந்துபோகிறோம்.
திரும்பி வரும்போது மட்டும்
ஓர் ஆள் அகலம் ஒதுங்கித்தான் நடக்கிறான்.
இழுத்து நேராக்குவதில்லை.
அந்த மேடு வந்தால்
நானும்தான் எதையாவது முணுமுணுக்கிறேன்,
மூச்சுவிட மறந்துவிடாமல்.