முன்பே இருக்கும் நோய்கள்

லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு
கையெழுத்துப் போடச் சொன்னார்கள், வெள்ளிக்கிழமை.
புதிய கம்பெனியில் சேரவேண்டியது
அதற்கு அடுத்த வாரமும் கழிந்து ஒரு திங்கள்.
நடுவே பதினாறு நாள்
எந்த மேனேஜருக்கும் சொந்தமில்லாதவை.

பாபநாசம் போகிற வழியில்
வயலுக்கு நடுவே ஓட்டுக் கட்டடம்.
முன்பு உரக்கிடங்காம்.
குப்புறப் படுத்தால்
பாயையும் தாண்டி லேசாக யூரியா மணக்கும்.

சேர்க்கைப் படிவத்தில் ஆறாவது கேள்வி:
முன்பே இருக்கும் நோய்கள்.
பேனா நின்றது.
பதினான்கு வருடம்
இந்த ஒரு கட்டத்தை வாசித்துத்தான் சம்பளம் வாங்கினேன்.
காலியாக விட்டவர்களைக் கண்டுபிடிப்பது என் வேலை.
எங்கிருந்தாவது ஒரு பழைய மருந்துச் சீட்டு கிடைத்தால் போதும்,
மறுப்புக் கடிதம் நாலு வரி.
முதல் சொல் ‘வருந்துகிறோம்’.

‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன்.
அழுத்த மாத்திரை
ஷேவிங் பெட்டிக்குள் இருந்தது.

சொல்லிக்கொடுப்பவள் பெயர் உலகம்மை.
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.
குரூப் ஃபோர் ரிசல்ட் வரும்வரைதான் இந்த வேலை
என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.
“மூச்ச விடுங்க சார்.
புடிச்சு வச்சு என்ன செய்யப் போறீய,
நாளைக்கும் காத்து இருக்கும்லா.”

விக்கிரமசிங்கபுரத்தில் ஆலைச் சங்கு ஊதுகிற நேரம்
நாங்கள் பன்னிரண்டு பேரும் செத்துக் கிடப்போம்.
கால் பெருவிரலில் தொடங்கி
ஒவ்வொன்றாக விடச் சொல்வாள்.
முழங்கால், இடுப்பு, தாடை
எல்லாம் சொன்னபடி கேட்கும்.
கண்ணுக்குப் பின்னால் மட்டும்
ஒரு எக்செல் தாள் மூடாமல் கிடக்கும்.

ஞாயிறன்று வகுப்பில்லை.
ஆற்றில் துணி எடுக்கும் வேலை.
பாவம் போக முழுகியவர்கள்
உடுத்தியதை அங்கேயே விட்டுப்போகிறார்கள்.
படித்துறைக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணீர்.
கணுக்காலைக் கொத்திக் கொத்தி
மீன்கள் என்னைச் சரிபார்த்தன.
கரைவேட்டி, பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம்,
விலைச்சீட்டு கழற்றாத துண்டு.
நனைந்த துணிக்கு இவ்வளவு கனமா,
ஆள் இன்னும் உள்ளேயே இருப்பதுபோல?

பாசி பிடித்த ஒரு கட்டம்போட்ட சட்டை.
பையில் மாத்திரை அட்டை.
நாலு குழி காலி, ஆறு மிச்சம்.
என் மாத்திரை.
அதே ஐந்து மில்லிகிராம்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தேதி தெரிகிறதா என்று கை தானாகத் தேடியது.
ஒரு கோப்பை மூட இது போதும்.

“என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிய?
சாக்குல போடுங்க.”

“எனக்கும் பிரஷர் இருக்கு” என்றேன்,
தண்ணீரைப் பார்த்தபடி.

“அட கொடுமையே,
ஆறு நாளா உங்கள தலைகீழா நிக்க வச்சேனே.
மொதல்லயே சொல்லிருக்கலாம்லா.”

அவ்வளவுதான்.
அன்று சாயங்காலம் படிவத்தை எடுத்து
‘ஒன்றுமில்லை’யை அடித்து, மேலே எழுதி,
எனக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டாள்.
நாலு வரிக் கடிதம் எதுவும் வரவில்லை.

முகாம் முடிந்து தென்காசி பஸ் ஏறினேன்.
புதிய கம்பெனியின் இன்சூரன்ஸ் படிவம்
போனில் வந்து கிடந்தது, திறக்கவில்லை.
ஆழ்வார்குறிச்சி தாண்டியதும்
கண்டக்டர் குரல் கொடுத்தார்:
“கடையம் எறங்குற ஆள் உண்டா?”

கடையம்.
வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர், ஐம்பத்திரண்டு வயது.
மேல்முறையீட்டு மனுவில் அவர் மனைவியின் கையெழுத்து
கோட்டை விட்டுக் கீழே சரிந்திருக்கும்.
கோப்பு எண்கூட நினைவிருக்கிறது.
மதியச் சாப்பாட்டுக்கு முன்
பத்தே நிமிடத்தில் முடித்தேன்.

நாலு பேர் இறங்கினார்கள்.
ஒருத்தி கேஸ் அடுப்பைத் தலையில் வைத்திருந்தாள்.
நான் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
யாரையோ கேட்டமாதிரி.

பாவூர்சத்திரம் வந்த பிறகுதான் தெரிந்தது,
மூச்சை அதுவரை விடவேயில்லை.