கேட்ட கோல்கள்

கெமியில், டிசம்பரில்,
பகல் என்பது மதியச் சாப்பாட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டு
கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிடும் விருந்தாளி.
மீதி நேரத்துக்கு எங்களிடம்
ஐஸ் ஹாக்கி இருக்கிறது.

எட்டாம் வாயில், கிழக்கு மூலை,
துடைப்பங்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில்
சக்கர நாற்காலிகளுக்கு ஆறு இடம்.
என் கண்ணுக்கு நேரே ஒரு மஞ்சள் கம்பி,
என் பாதுகாப்புக்காகவாம்.
அது களத்தை இரண்டாக வெட்டும்:
மேலே தலைக்கவசங்கள் மிதக்கும்,
கீழே சறுக்குக் கத்திகள் ஓடும்,
பக் எப்போதும் கம்பிக்குப் பின்னால்தான்.
அது போன வழியைத் தேடி
நெஞ்சு மட்டும் பக் பக்கென்று ஓடும்.

கம்பி பரவாயில்லை. கழுத்தைச் சாய்த்தால் சமாளிக்கலாம்.
கோல் விழும்போதுதான் சிக்கல்.
ஊரே எழுந்து நிற்கும்.
அதில் என்ன குற்றம் சொல்ல?
என் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டால்
நானும்தான் துள்ளியிருப்பேன்.

டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.
போன பருவத்தில்
பார்த்த கோல் நாலு,
கேட்ட கோல் எண்பத்தொன்று.
முதுகுகளோ, அத்தனையும் அத்துப்படி.
தோள் கிழிசலில் டேப் ஒட்டிய நீல ஜாக்கெட்.
ஒவ்வொரு கோலுக்கும் காற்சட்டையை மேலே இழுத்துக்கொள்ளும் பெரிய உடம்பு.
பதினேழாம் எண் சட்டைக்காரி
ஒரு குளிர்காலம் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்;
அடுத்த குளிர்காலம் அவள் தோளுக்கு மேலே
காதடைப்பான் மாட்டிய ஒரு குழந்தை
என்னைப் பார்த்தது.
அந்த அரங்கில் கோல் விழும் நேரத்தில்
என் பக்கம் திரும்பிய ஒரே முகம்.

கடிதம் எழுதினேன்.
துணைக்கு வருபவருக்கு டிக்கெட் இலவசம் என்றார்கள்.
மறுபடி எழுதினேன்.
கேப்டனோடு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.
படத்தில் கேப்டன் குனிந்திருக்கிறார்.
நான் சிரித்திருக்கிறேன், வேறென்ன செய்ய.
மூன்றாவது கடிதம் ஒரே வரி:
எனக்கு எதுவும் சும்மா வேண்டாம்,
காசு கொடுத்ததைக் காட்டுங்கள்.

பொறியாளர் என்று தூலிக்கி வந்தாள்.
அளவு நாடாவை எடுக்கவே இல்லை.
காலிப் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
என் உயரத்துக்கு உட்கார்ந்தாள், ஆட்டம் முழுக்க.
அன்று நாங்கள் ஐந்து கோல் போட்டோம்.
"யார் போட்டது?" என்று ஐந்து தடவையும் என்னைக் கேட்டாள்.
எனக்கென்ன தெரியும்.
ஐந்தாவதுக்குத்தான் நாடா வெளியே வந்தது.
துள்ளிக்கொண்டிருந்த நீல ஜாக்கெட்டின்
உச்சந்தலை வரை அளந்தாள்.
அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோடை முழுக்க வெல்டிங்.
மேடை உயர்ந்தது. சரிவுப் பாதை நீண்டது.
கம்பி போய்க் கண்ணாடி வந்தது.
துடைப்பங்கள் மட்டும் அதே அறையில்.

செப்டம்பர், முதல் ஆட்டம்.
இரண்டுக்கு இரண்டு, கடைசி நிமிடம்,
எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
அவர்கள் தொப்பிகளுக்கு மேலே
முழுக் களமும் எனக்கு, ஓரம் முதல் ஓரம் வரை.
பக் எவ்வளவு சின்னது!
எங்கள் ஐந்தாம் எண்காரன் அதைத் தடுக்க மட்டையை நீட்டுகிறான்,
முனையில் பட்டுத் திசை மாறுகிறது,
எங்கள் கோல்கீப்பர் முழங்காலை மூடுவதற்குள்
எங்கள் வலையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதலிலிருந்து கடைசிவரை
ஒன்றும் மறைக்காமல் நான் பார்த்த கோல்
இதுதானா?

"கோட்டை விட்டுட்டியேடா, பாவி!"
யாரோ கத்துகிறார்கள்.
தொண்டை எரிந்த பிறகுதான் தெரிந்தது,
நான்தான்.

நீல ஜாக்கெட் திரும்பியது.
அவர் மூக்குக்கண்ணாடி போடுபவர் என்று
இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.
மூச்சுப் பட்டு அது வெள்ளையாக மூடியிருந்தது.
கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"என்ன ஆச்சு? யார் மேல பட்டுப் போச்சு?
எனக்கு ஒண்ணும் தெரியலையே."

சொன்னேன்.
மட்டை முனை, முழங்கால், இடைவெளி.
பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.
இருந்தாலும்
இரண்டு தடவை சொன்னேன்.