மின்கட்டணச் சீட்டின் பின்பக்கம்

கியும்ரியில் இரவு இரண்டு மணி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
பூகம்பத்துக்குப் பிறகு
தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்த இரும்புப் பெட்டிக்குள்
முப்பத்தைந்தாவது குளிர்காலம்.
சுவரின் உள்பக்கமும் பனி பூத்திருக்கிறது.

சர்மென் எல்லைக் காவலில் இருக்கிறான்.
நான்கு நாளாகப் பேசவில்லை.

மின்கட்டணச் சீட்டின் பின்பக்கத்தில்
கூட்டிக்கொண்டிருந்தேன்:
மருந்துக்கடைப் பாக்கி, மாவு,
ஷோகிக்கிடம் வாங்கிய எட்டாயிரம் திராம்.
கூட்டி முடித்ததும் மேலிருந்து மறுபடி.
தொகை மாறவே இல்லை.
மாறிவிடுமோ என்றுதான் கூட்டினேன்.

நடுநடுவே பிள்ளை.
மலைச்சரிவில் வழுக்கினானோ,
காய்ச்சலில் கிடக்கிறானோ,
யாராவது வந்து கதவைத் தட்டுவார்களோ,
வருகிறவரை எங்கே உட்காரவைப்பது,
நல்ல நாற்காலி ஒன்றுதானே இருக்கிறது.
பாருங்கள், அவ்வளவு தூரம் போய்விட்டேன்.
அவனை மூன்று விதமாகச் சாகவைத்து
மூன்று முறையும் கறுப்புத் துணி தேடினேன்.

குளிரில் பேனா மசி விடவில்லை.
வாயருகே வைத்து ஊதினேன்.
ஊதிய மூச்சோடு வந்தது அது:
ஹய்ர் மெர்.
எங்கள் பிதாவே.

அன்றாட அப்பம் வரை போவேன்,
அங்கே மாவு விலை ஞாபகம் வந்துவிடும்.
மறுபடி முதலிலிருந்து.
மூன்று தரம் அப்பத்திலேயே தடுக்கி விழுந்தேன்.

அப்புறம் சீட்டைத் திருப்பினேன்.
முன்பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.
வாடிக்கையாளர் எண்.
முன்னூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.
வெட்கமாக இருந்தது. வாசித்தேன்.
பின்பக்கத்தையும்.
என் ஒன்பது ஏழு மாதிரி இருக்கும், ஆண்டவரே,
அது ஒன்பது.

பிறகு சர்மெனின் காலணி அளவைச் சொன்னேன்.
நாற்பத்து மூன்று. இடது குதிகாலில் தண்ணீர் ஏறும்.
வெங்காயம் ஆகாது, பொறுக்கித் தட்டோரம் வைப்பான்.
கோபம் வந்தால் பேசமாட்டான்,
இந்த நான்கு நாளும்
கோபமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.
உமக்குத் தெரியாததா.
தெரிந்தவரிடம்தானே இதையெல்லாம் சொல்ல முடியும்.

வெளிச்சம் எதுவும் வரவில்லை.
குரலும் இல்லை.
ஹீட்டர் கம்பி டிக் டிக்கென்றது.
அதே கடன், அதே பிள்ளை.
ஆனால் வழுக்கினானோ என்றது
வழுக்காமல் பிடியும் என்றாகியிருந்தது.
எப்போது மாறியதென்று நான் கவனிக்கவில்லை.

விடிந்தபோது கன்னத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.
தொலைபேசி இன்னும் அடிக்கவில்லை.
ஷோகிக் தகரத்தைத் தட்டுகிறாள்,
குழாய் உறைந்துவிட்டதாம், வெந்நீர் வேண்டுமாம்.

ஆமென் சொன்ன ஞாபகம் இல்லை.
எந்த இடத்தில் தூங்கிப்போனேன்,
வெங்காயத்திலா, அதற்குப் பிறகா?
எங்கே விட்டேனோ
அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டிரும்.
இவளுக்கு வெந்நீரைக் கொடுத்துவிட்டு
வருகிறேன்.