மூன்றாவது ஊசி

எட்டு டெராபைட். பிகார்த்தே தெருவில்
பால்தொமேரோ கடையில்
மூன்று தவணைக்கு வாங்கியது.

இரவு டியூட்டி முடிந்து
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்
மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தேன்.
அங்கேதான் எங்கள் வீட்டு சர்வர்,
விறகுக் கட்டைகளுக்குப் பக்கத்தில்.
ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட பெட்டி,
எக்ஸ்ரே பிரிவின் ஸ்டிக்கர் இன்னும் நெற்றியில்.

செருகினேன். பொத்தானை அழுத்தினேன்.
பழைய டிஸ்க் இரண்டும்
தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தன.
புதியது மட்டும் கல்லுளிமங்கன்.

விரலை வைத்துப் பார்த்தேன்,
இருபத்திரண்டு வருடமாக நாடி பார்க்கிற விரல்.
அதிர்வில்லை. சூடில்லை.
திரையில் இரண்டே பெயர்கள்.

கேபிளை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன்.
பழைய டிஸ்க் ஒன்றைப் பிடுங்கிவிட்டு
அதன் இடத்தில் இதை உட்கார வைத்தேன்.
அதே வயர், அதே மின்சாரம்.
பழையது ஓடிய இடத்தில் இது ஓடவில்லை.
தப்பு யார்மேல் என்று
இனியும் கேட்பானேன்?

"முதலில் போய்த் தூங்கு" என்றான் எலாதியோ.

மறுநாள் மகளின் கம்பளித் தொப்பிக்குள் சுற்றி
மழையில் எடுத்துப் போனேன்.
பால்தொமேரோ தன் மேஜைக் கம்ப்யூட்டரில் செருகினான்.
தேனீயைப் போல ரீங்கரித்தது.
"நல்லாத்தானே ஓடுது, அம்மா?
உங்க வீட்டிலதான் ஏதோ குறை."

வீட்டில் குறை.
ஒரு கடைக்காரன் சொல்லிவிட்டான்.
வரிசையில் நின்றவர்கள் முன்னால்
அந்தத் துரோகியைத் திரும்பத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு
ஆற்றோரமாகவே நடந்தேன்.
மீன் சந்தைக்குப் பின்னால் கடற்சிங்கங்கள்
ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
மீன்காரி ஒரு வாளித் தண்ணீரை வீசினாள்.
ஒன்றுகூட அசையவில்லை.

வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டாள் ரயேன்.
"தூங்கும்மா."
இந்த வீட்டில் பகலில் கரண்டிகூடத்
தட்டில் பட்டு ஒலிக்காது.
எனக்காகக் கிசுகிசுத்தே வளர்ந்தவள் அவள்.
பள்ளி நாடகத்தில் அவள் குரல்
மூன்றாவது வரிசைக்கு எட்டவில்லை.

தூக்கம் வரவில்லை.
எறும்பெழுத்தில் இருந்த கையேட்டைக்
கட்டிலில் படுத்தபடி படித்தேன்.
மின்சாரம் வருகிற வாயில் பதினைந்து ஊசிகள்.
மூன்றாவதில் அழுத்தம் வந்தால்
இந்தக் காலத்து டிஸ்க்குக்கு ஒரே பொருள்:
எழாதே.

எங்கள் பழைய பெட்டி
தன் காலத்து வழக்கப்படி
மூன்றாவதிலும் ஊற்றிக்கொண்டே இருக்கிறது,
மூன்று புள்ளி மூன்று வோல்ட்.
பழைய டிஸ்க்குகளுக்கு அந்தப் பாஷை தெரியாது.
புதிதுக்குத் தெரியும்.

சாகவில்லை அது. கெட்டுப்போகவும் இல்லை.
சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, பாவம்.

மஞ்சள் நிற டேப்பில் நகத்துண்டு அளவு.
தையல் பிரிக்கிற கத்தரியால் வெட்டி
இடுக்கியால் பிடித்து ஒட்டினேன்.
முதல் தடவை கோணல், நான்காவதையும் மூடிவிட்டது.
உரித்தேன்.
இரண்டாவது தடவை மூச்சை அடக்கிக்கொண்டேன்,
பிள்ளைகளின் நரம்பில் ஏற்றும்போது அடக்குவதைப் போல.

பொத்தான்.

ஒரு சிணுங்கல். பிறகு
அடிவயிற்றிலிருந்து ஏறி
ஒரே சுருதியில் நின்ற சத்தம்.
திரையில் மூன்றாவது பெயர்.

முதலில் நகர்ந்தது
என் மைத்துனனின் கல்யாண வீடியோ.
அவர்கள் பிரிந்து ஒன்பது வருடம் ஆகிறது,
அழிக்க யாருக்கும் தைரியமில்லை.
மீதி நேரம்: பதினோரு மணி.
கட்டைமேல் உட்கார்ந்து
அது ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல்படியில் எலாதியோ, ஒற்றைக் காலுறையோடு.
"இன்னும் முழிச்சிருக்கியா?
போய்த் தூங்கேன்."

டேப் சுருள் என் கையில்தான் இருந்தது,
இன்னும் நாலு மீட்டராவது மிச்சம்.
அவன் வாயைக் கொஞ்ச நேரம்
அளவெடுப்பதுபோல் பார்த்தேன்.